யார் வண்டி யாரை இழுத்தது?

“செத்தாலும் அவன் வண்டி என் வண்டியை இழுக்கக் கூடாது!” என்றார் டெல்மர், தூரத்தில் வந்த வெள்ளை பிக்கப்பைப் பார்த்து.

அவருடைய சிவப்பு டீசல் பிக்கப் வண்டி வயல் சேற்றில் அச்சு வரை இறங்கி நின்றது. பின்னால் மாட்டியிருந்த ட்ரெய்லருக்குள் அவர் மனைவி பெர்னிஸின் குதிரை முனகிக்கொண்டிருந்தது. பிரசவ நேரத்தில் குட்டி வயிற்றுக்குள் குறுக்கே மாட்டிக்கொண்டது. டவுனில் கால்நடை டாக்டரிடம் சீக்கிரம் போனால்தான் இரண்டும் பிழைக்கும்.

“ரோட்டு வழியாப் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்று கத்தினாள் பெர்னிஸ்.

“எந்தச் சேத்துலயும் போகும்னு விளம்பரத்துல காட்டினானே...”

“விளம்பரத்துல உங்களையா ஓட்டச் சொன்னான்?”

அதற்குள் அந்த வெள்ளை பிக்கப் வந்து நின்றேவிட்டது. இறங்கியவர் பக்கத்துப் பண்ணை ஆர்லோ.

நெப்ராஸ்காவின் அந்த ஊரில் ஒருவன் சர்ச் மாறினால்கூட மன்னித்துவிடுவார்கள். வண்டிக் கம்பெனி மாறினால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். டெல்மர் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரே கம்பெனி. ஆர்லோ வீட்டில் அதற்கு எதிர்க் கம்பெனி. தினமும் வெர்னாவின் காபிக் கடையில் இருவருக்கும் இதே சண்டைதான்.

“ட்ரெய்லர் நிறைய மாட்டை ஏத்திக்கிட்டு, மேட்டுல பாடிக்கிட்டே ஏறும்யா என் வண்டி!” என்பார் டெல்மர்.

“பாட்டா அது? இருமல்யா! ஏறுறது பெருசில்ல. இறக்கத்துல அவ்வளவு பாரமும் பின்னாலேர்ந்து தள்ளும்போது அடக்கி நிறுத்தணும். அதுக்கு என் வண்டி வேணும்.”

போன மாதம் சண்டை முற்றிப் பந்தயம் கட்டிவிட்டார்கள். யார் வண்டியை யார் வண்டி இழுக்க நேர்ந்தாலும், இழுபட்டவர் காபிக் கடை வாசலில் ஊரே பார்க்க இழுத்தவர் வண்டியைக் கழுவ வேண்டும்.

ஆர்லோ சிவப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“என்னய்யா, வண்டியை வெதைச்சிருக்கே? எப்ப முளைக்கும்?”

“சும்மா நிறுத்தியிருக்கேன். டிராக்டருக்குச் சொல்லியிருக்கேன், வந்துக்கிட்டே இருக்கு. நீ கெளம்பு.”

ட்ரெய்லருக்குள் குதிரை வீறிட்டது. ஆர்லோ இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“டிராக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல! மாட்டுங்கண்ணே சங்கிலியை!” என்று குறுக்கே புகுந்தாள் பெர்னிஸ். டெல்மர் பக்கம் திரும்பி, “என் குதிரைக்கு ஏதாவது ஆச்சு, அடுத்த சங்கிலி உங்க கழுத்துலதான்!” என்றாள்.

ஆர்லோ சங்கிலியை மாட்டினார், இழுத்தார். வண்டியும் ட்ரெய்லரும் பாதைக்கு வந்து சேர்ந்தன. டெல்மர் நன்றிகூடச் சொல்லாமல் டவுனை நோக்கிப் பறந்தார்.

போகிற போக்கில் கண்ணாடியில் பார்த்தார். ஆர்லோ அதே சேற்றில் வெள்ளை வண்டியைச் சர் சர்ரென்று வட்டமடித்து, ஜன்னல் வரை சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சுட்டானாம், கூத்தாடறான் பாரு!” என்று பல்லைக் கடித்தார் டெல்மர்.

டாக்டர் கெட்டிக்காரர். தாயும் பிழைத்தது, குட்டியும் பிழைத்தது. டெல்மருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே மானமும் ஞாபகத்துக்கு வந்தது.

பெர்னிஸைக் குதிரையோடு விட்டுவிட்டு, டாக்டர் வீட்டு முற்றத்தில் குழாயைத் திறந்தார். ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் வண்டியைக் கழுவித் துடைத்தார். ஆதாரம் இருந்தால்தானே ஆர்லோ பேச முடியும்? அப்படி ஒன்று நடக்கவே இல்லையென்று சாதித்துவிடலாம்.

காபிக் கடை வாசலில் கூட்டம் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. டெல்மர் தயங்கித் தயங்கி வண்டியை விட்டு இறங்கினார்.

“வாங்க, வாங்க!” என்றாள் வெர்னா. “ஆர்லோ சேத்துல மாட்டிக்கிட்டு முழிச்சப்போ, உங்க வண்டிதான் இழுத்துப் போட்டுச்சாமே!”

டெல்மர் திகைத்துப் போனார். சேற்று உருண்டையாக நின்றது வெள்ளை வண்டி. பக்கத்தில் வாளியும் ஸ்பாஞ்சுமாக ஆர்லோ. சிவப்பு வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கழுவலாம்னு வந்தா, எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலியேய்யா!” என்றார். கூட்டம் மறுபடி சிரித்தது.

டெல்மர் அவரைத் தனியே இழுத்துப் போனார்.

“ஏன்யா இப்படிச் சொன்னே?”

“குதிரை உயிருக்குத் துடிக்குது. நீ என் வாய்க்குப் பயந்து, வராத டிராக்டருக்குக் காத்துக்கிட்டு நிக்கறே. எனக்கே வெக்கமாப் போச்சுய்யா. அது கிடக்கட்டும், குட்டி எப்படி இருக்கு?”

“ரெண்டும் பிழைச்சுதுய்யா” என்றார் டெல்மர். விறுவிறுவென்று கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்.

“இவன் சொன்னது அத்தனையும் பொய்! சேத்துல மாட்டினது நான்! இழுத்தது இவன் வண்டி! என் வண்டியை இப்பத்தான் கழுவிட்டு வந்தேன்!”

ஆர்லோ கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கி, வெள்ளை வண்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

எல்லாரும் சேற்றில் குளித்த வெள்ளை வண்டியைப் பார்த்தார்கள். பளபளவென்று நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்தார்கள்.

வெர்னா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆர்லோ தலைகுனிஞ்சு நிக்கறதைப் பார்க்கப் பொறுக்காம, பழியைத் தன் மேல போட்டுக்கிறார் பாருங்க. மனுஷன்னா இவர்தான்யா!”