பரீட்சைக்கு ஒரு பேஷன்ட்

"ஏனுங்க, நீங்க பேஷன்ட், நான் நர்ஸ் பிராக்டிஷனர். டிவியை ஆஃப் பண்ணிட்டு இப்படி வந்து உட்காருங்க."

கலாவதி சாப்பாட்டு மேஜையருகே எதிரெதிராக இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். திருமூர்த்தி கையில் ரிமோட்டோடு எழுந்து வந்தார்.

"எனக்கு நடிக்கவெல்லாம் வராது கலா."

"நடிக்க வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும். ஒரு பேஷன்ட்கிட்ட பேச விட்டு, புரொஃபசர் ஓரமா உட்கார்ந்து மார்க் போடுவாங்க. நாளைக்குக் காலைல எக்ஸாமுங்க. பிராக்டிஸ் பண்ண எனக்கு வேற யாரு இருக்கா?"

கலாவதியின் நர்ஸ் வேலையை வைத்துத்தான் கிரீன் கார்டு வந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து குடும்பம் டெக்சாஸுக்குக் குடியேறியதும் அதனால்தான். இரண்டு வருடமாக வேலைக்கு நடுவே மனநலப் பிரிவில் மேற்படிப்பு. முடித்துவிட்டால் நோயாளிகளைத் தானே பார்க்கலாம், மருந்தும் எழுதலாம்.

திருமூர்த்திக்கு ரிச்சர்ட்சன் நகரில் ஒரு டெலிகாம் கம்பெனியில் நல்ல வேலை இருந்தது. இந்த 2001 மார்ச்சில் கூட்டம் கூட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் ஆபீஸ் சாமான்களை அள்ளிப் போட்ட ஒரு அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள். "'ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் சொல்லக் கூடாது. பேஷன்ட் அப்படிச் சொல்லிட்டா எக்ஸாம் அங்கேயே நின்னு போயிடும்."

"சரி சரி. என் பேரு மணியன். எனக்குப் பேய் பிடிச்சிருக்கு டாக்டரம்மா."

"விளையாடாதீங்க. எனக்கு நிஜமாவே பயமா இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"மிஸ்டர் மணியன், தூக்கம் எப்படி இருக்கு?"

"தூக்கமா? மணியன் படுப்பாரு. கண்ணை மூடுவாரு. அவ்வளவுதான்."

"பகல்ல என்ன பண்ணுவீங்க?"

"மணியன் டெய்லி காலைல டை கட்டிக்கிட்டு கார் எடுப்பாரு. இன்டர்வியூன்னு வீட்ல சொல்லுவாரு. இன்டர்வியூவெல்லாம் கிடையாது. அபார்ட்மென்ட் வாசல்ல கார் நின்னா அக்கம்பக்கத்துல கேப்பாங்களே. அதுக்காக டோல்வே ரோட்டுல சும்மா போயிட்டு வருவாரு."

'அதனால என்ன, வேற வேலை கிடைக்கும்' என்று கலாவதிக்குச் சொல்ல வாய் வரை வந்தது. ஆறுதல் சொல்ல அவசரப்படாதே, சொன்ன அடுத்த நிமிடம் பேஷன்ட் வாயை மூடிக்கொள்வார் என்பது வகுப்பில் முதலில் சொல்லித் தந்த பாடம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ மனசுல என்ன ஓடும்?"

திருமூர்த்தி பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளத்தில் குழந்தைகளின் சத்தம் கேட்டது. அந்த மௌனத்தை நீ நிரப்பாதே என்றும் சொல்லித் தந்திருந்தார்கள். அவள் காத்திருந்தாள்.

"என் பொண்டாட்டி ஓவர்டைம் பார்த்துட்டு வந்து, சமைச்சு, அதுக்கு மேல படிக்கிறா," என்றார் மெதுவாக. "பொண்ணு தென்றல், 'டாட், வாட் டூ யூ டூ நவ்?'னு கேக்குறா. நான் ஒருத்தன் எதுக்கு இந்த வீட்ல?"

'மணியன்' எப்போதோ காணாமல் போயிருந்தார்.

அடுத்த கேள்விதான் கஷ்டம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படாதே, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. நேராகக் கேள், கண்ணைப் பார்த்துக் கேள் என்பதும் வகுப்பில் படித்ததுதான். எத்தனையோ பேஷன்ட்களிடம் அப்படிக் கேட்டிருக்கிறாள். இன்று அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வர மறுத்தது.

நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

திருமூர்த்தி நிமிர்ந்தார். கண்கள் நிறைந்து வழிந்தன.

"தோணுது கலா. போன வாரம்கூட, இன்னைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகணுமான்னு தோணிச்சு. தென்றலை ஸ்கூல்ல பிக்கப் பண்ணணும்கிற ஞாபகம் வந்து வந்துட்டேன்."

கலாவதி அலறவில்லை, திட்டவும் இல்லை. அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நிமிஷம் தோணுதா?"

"இல்ல. வெளிய சொன்னதும் நெஞ்சுல இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருக்கு."

"இது உங்க தப்பு இல்லீங்க. இது ஒரு வியாதி. குணமாகிற வியாதி. வீட்டு ஆளை நானே ட்ரீட் பண்ணக் கூடாது. எங்க கிளினிக்ல ஒரு நல்ல டாக்டர் இருக்காரு. இப்பவே ஃபோன் பண்றேன். பார்க்கலாமா?"

"பார்க்கலாம்," என்றார். கோடை முழுக்க, டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விட்ட மனிதர் அவர். "நீ கூட வந்தா, நாளைக்கே பார்க்கலாம்."

அவள் எழுந்து போய் ஃபோனில் பேசிவிட்டு வந்தாள். "காலைல ஒன்பது மணிக்கு வரச் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் நான் உங்க பக்கத்துலயே இருப்பேன்."

திருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று பதறினார்.

"ஐயோ, காலைல உனக்கு எக்ஸாம் ஆச்சே கலா! ரெண்டு வருஷப் படிப்பு! என்னால அது கெட்டுப் போகக் கூடாது."

கலாவதி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எக்ஸாம் போன வாரமே முடிஞ்சுதுங்க, பாஸ் பண்ணிட்டேன். இன்னைக்கு உங்ககிட்டதான் ஃபெயில் ஆயிடுவேனோன்னு பயந்தேன்."