பத்திரமாக இருக்கிறது

“உங்கட சாமியளையும் ஆரும் தூக்கிக்கொண்டு போயிருக்கினமோ?”

வேலையிடத்தில் சாப்பிடும்போது எஃபே ஒருமுறை ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி அது. நைஜீரியாவில் அவளுடைய ஊர்க்காரரின் வெண்கலத் தலைகளை வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு போய் நூறு வருசத்துக்கு மேல். பல இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான்.

“விட்டு வைச்சவங்களோ!” என்றாள் கௌசி. அன்றிலிருந்து அவள் போராளி. கறுப்பினத்தவருக்கு நீதி கேட்டுப் போன ஊர்வலம் ஒன்றையும் விடவில்லை. ஊர்வலத்து ரீசேட் ஒரு அளவு சின்னன், கையை உயர்த்தினால் வயிறு தெரியும். அதற்காகக் கையை இறக்குகிற ஆளா அவள்? எஃபே அவளுக்கு வாய்த்த ஒரே தோழி. அவள் கண்ணுக்குப் பெரியவளாகத் தெரிய வேண்டும்.

இன்று சென் ஜேம்ஸ் ரவுணில், கௌசியின் அடுக்குமாடிக் கட்டடத்துக் கூட்ட அறையில், ஆங்கிலத்தில் அவளுடைய பேச்சு. முன்வரிசையில் எஃபே. பக்கத்தில் எட்டாம் மாடித் தங்கேஸ்வரி அக்கா. அக்கா வீடு மாறியபோது பெட்டி தூக்கிக் கொடுத்தவள் கௌசிதான். அன்றைக்குத் தொலைந்த ஒன்றை நினைத்து அக்கா இன்னும் மூக்குச் சிந்துவாள்.

“மியூசியக்காரர் என்ன சொல்லுகினம்? ‘நாங்கள் பத்திரமா வைச்சிருக்கிறம், உங்களிட்டத் தந்தால் பழுதாக்கிப் போடுவியள்’ எண்டுகினம். கள்ளன்ர நியாயம்!”

மேசையில் ஓங்கி அடித்தாள். தண்ணீர்ப் போத்தல் விழுந்தது. ஒரே கைதட்டல். எஃபே கண்ணைத் துடைத்தாள்.

கௌசிக்குத் தலைகால் தெரியவில்லை. “ரெண்டுபேரும் வாங்கோ, மேல போய் ரீ குடிப்பம்.”

கதவைத் திறந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் எஃபே சாமித் தட்டின் முன்னால் நின்றாள். எண்ணெய் மினுங்கும் சின்ன வெண்கலப் பிள்ளையார்.

“எவ்வளவு வடிவு! இவர் எப்பிடி உன்னட்ட வந்தவர்?”

“ரீக்குச் சீனி எவ்வளவு?” என்று கேட்டாள் கௌசி.

தங்கேஸ்வரி அக்கா கிட்டப் போய்ப் பிள்ளையாரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அடியில் அக்காவின் அப்பா பெயர் வெட்டியிருந்தது.

“களவெடுத்துக் கும்பிட்டாத்தான் பிள்ளையாருக்குச் சக்தி கூட எண்டு சொல்லுவினம், அக்கா… நான் பத்திரமாத்தான் வைச்சிருந்தனான்!”

அக்கா பிள்ளையாரைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தமிழ் தெரியாத எஃபே கதவைத் திறந்து பிடித்தாள்.

பிறகு அவளும் போனாள்.