சிவப்பு எரியும்வரை

கடலோர வீடுகளின் வாசல் விளக்கு சிவப்பாக எரிந்தால், அந்த வீட்டில் ஒருவரைக் கடல் இன்றைக்கு எடுத்துக்கொள்ளும். யாரை என்று மட்டும் சொல்லாது. எடுத்த பிறகு பச்சையாகிவிடும். இதுவரை தவறியதில்லை.

விடியும்போதே தொபியாஸ் வீட்டில் சிவப்பு எரிந்தது.

“போவாதீங்க,” என்று மனைவி ரெஜினாள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒரு பல்புக்குப் பயந்து தொபியாஸ் கரையில உக்காந்துட்டாம்னு ஊரு சிரிக்கவா?”

விளக்கின் மேல் காறித் துப்பினார். மகன் கிளாட்வினை வீட்டோடு இருக்கச் சொன்னார். யாரும் திரும்பக் கூப்பிடக் கூடாதென்று போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் படகை எடுத்தார். வேண்டுமென்றே பொழுது சாயும்வரை கடலில் கிடந்தார்.

மீனோடு திரும்பியவர் தூரத்திலிருந்தே கத்தினார்: “பாத்தியா? வந்துட்டம்லா!”

ரெஜினாள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களக் காணலன்னு பிள்ள வள்ளத்த எடுத்துட்டுத் தேடிப் போயிருக்கான்.”

விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. தொபியாஸ் அதன்முன் மண்டியிட்டார்.

“எரி. அப்படியே எரி. இந்தா, நான் போறேன். என்னய எடுத்துக்க.”

படகுக்கு ஓட எழுந்தபோது, காலடி மணல் பச்சையாகத் தெரிந்தது.