சுருட்டைக்குக் கொடுத்த பயிற்சி

எதிர்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, நர்ஸின் வாசற்படிவரை வந்து நின்றார்.

அவளுடைய நாய் சுருட்டை அவரைப் பார்த்தது. காது விறைத்தது. முதுகு மயிர் லேசாக எழுந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அது மெதுவாக என் பக்கம் திரும்பியது. கையிலிருந்த, நாய்களைப் பழக்கும் கிளிக்கரை அழுத்தினேன். 'டிக்' என்ற சத்தத்தோடு, வேகவைத்த கோழித்துண்டு ஒன்று அதன் வாய்க்குள் போனது.

ஒரு குரைப்புகூட இல்லை.

நர்ஸ் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டாள்.

அவள் தனியாக இருப்பவள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்திருந்துவிட்டு, பகலில் தூங்குகிறவள். கொஞ்ச காலமாக அந்தத் தூக்கத்துக்குத்தான் வேட்டு. அவள் கண்ணயர்ந்ததும் சுருட்டை துள்ளி எழுந்து, சாத்திய கதவைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடு என்றார்கள்.

தபால்காரர், கேஸ் கொண்டுவருபவர், படிக்கட்டில் விளையாடும் பிள்ளைகள், எல்லோரிடமும் வாலாட்டுகிற நாய்தான். இந்த ஒரு மனிதரைக் கண்டால் மட்டும் ஆகாது. காண வேண்டும் என்றுகூட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வாடை அடித்தாலே போதும்.

மதியத்தில் அவர் வெளியே போய் வரும் காலடிச் சத்தமாக இருக்கும் என்று நான்தான் நர்ஸுக்கு விளக்கினேன்.

நான் நாய்களை அடிப்பதில்லை, அதட்டுவதும் இல்லை. அது மிரளுகிற ஆளைத் தூரத்தில் நிறுத்திக் காட்டுவேன். பார்த்துவிட்டுச் சும்மா என்னிடம் திரும்பினால் தீனி. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். போகப்போக, அந்த ஆளைக் கண்டாலே நாய்க்குத் தீனி ஞாபகம்தான் வரும்.

இதற்கு அந்த ஆளும் ஒத்துழைக்க வேண்டும். பாதிப் பேர் அங்கேதான் கைவிரித்துவிடுவார்கள். இவர் தங்கமான மனிதர். நடையின் கோடியில் நில்லுங்கள் என்றால் சிலையாக நிற்பார். ஓர் அடி முன்னால் வாருங்கள் என்றால் ஓர் அடிதான். தன்னைப் பார்த்து அந்தக் குரை குரைத்த நாயின்மேல் துளி கோபம் இல்லை. அதன் காதுகளையே பார்த்துக்கொண்டிருப்பார், என்னைவிடக் கவனமாக.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார் வாசற்படியிலிருந்து. "நீங்க இல்லாதப்பவும் இது இப்படியே இருக்குமா?"

"இருக்கும் சார். பழகிடுச்சுன்னா மறக்காது," என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நர்ஸ் சுருட்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"உங்க அண்ணன்கிட்ட நல்ல சேதி சொல்லிடுங்க. தங்கச்சி தனியா இருக்கா, எப்படியாவது இந்தக் குரைப்ப நிறுத்திக் குடுங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ் போட்டுட்டே இருந்தாரு. எங்கிட்ட போன்ல பேசினதே இல்ல. ஆனா உங்க மேல ரொம்ப அக்கறை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணனா? எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையேக்கா. குடியிருப்போர் சங்கத்துலேருந்து உங்கள அனுப்பியிருக்காங்கன்னுல்ல நினைச்சேன்."

நான் செல்போனை எடுத்து, அந்தச் செய்திகள் வந்த எண்ணை அழுத்தினேன்.

எதிர்க்கதவுக்குப் பின்னால் ஒரு போன் அடித்தது. கதவை ஒட்டி நிற்கும் ஒருவரின் சட்டைப்பையில் அடிப்பதுபோல அவ்வளவு கிட்டத்தில்.

சட்டென்று நின்றது.

நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சுருட்டை அந்தக் கதவைப் பார்த்தது.

பிறகு சத்தமில்லாமல் என் பக்கம் திரும்பி, கோழித்துண்டுக்காக வாயைத் திறந்தது.