முகம் தெரியும் இரும்பு

"இதைவிடப் பளபளன்னு கடையற டூல் ஒண்ணு காட்டுங்க தம்பி. ஆர்டர் உங்களுக்குத்தான்."

பட்டறைக்காரம்மா மேஜைமேல் உருட்டிவிட்ட விரல் நீள இரும்புத் துண்டை டூல் விற்க வந்தவன் எட்டிப் பிடித்தான். கண்ணாடி தோற்றது. அவன் மீசையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூள்கூட அதில் தெரிந்தது.

"யாரோட டூல்லக்கா கடைஞ்சது?"

"போன மாசம் ரெண்டு கம்பெனிக்காரங்க வந்தாங்க. ரெண்டு பேருமே, 'இது எங்க டூல் வேலைதான், பார்த்ததுமே தெரியுது'ன்னாங்க."

இன்றும் ஆர்டர் இல்லாமல் திரும்பினால் நாளையிலிருந்து கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டியதுதான் என்று அவன் மேலாளர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

பட்டறையில் கிடந்த கம்பி ஒன்றை, சுழற்றிக் கடையும் லேத்தில் மாட்டினான். முதலில் கூர்மூக்கு டூல். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. கடைந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்த பட்டறைக்காரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"சீப்பு மாதிரி இருக்கே. தலை வாரிக்கலாம்."

அடுத்து, மூக்கு கொஞ்சம் உருண்ட டூல். தேவலாம், ஆனால் போதாது. அதைவிடப் பெரிய மூக்கைப் போட்டதும் கம்பி கிடுகிடுவென்று அதிர்ந்து கீச்சிட்டது.

"ஏன் தம்பி, அதுக்கு வலிக்குதோ?"

சட்டை நனைய, கடைசி டூலை மாட்டினான். வேகத்தைக் கூட்டி, டூல் நகர்வதைக் குறைத்து, எண்ணெயைத் தாராளமாக விட்டான். மின்னியது!

ஆவலோடு பூதக்கண்ணாடியை வைத்தான். மெல்லிய கோடுகள். மாதிரித் துண்டின் மேல் வைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தும் மருந்துக்கு ஒரு கோடு இல்லை. டூல் பட்ட இரும்பில் கோடு இல்லாமலா?

'அட, இது எங்க டூல்தாங்க்கா!' நாக்கு நுனிவரை வந்த பொய்யை மென்று விழுங்கினான்.

"முடியலக்கா. என்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதுதான். உங்க துண்டு அளவுக்கு வராது. அந்த ரெண்டு பேர்ல யார் கடைஞ்சாங்களோ, அவங்ககிட்டயே வாங்கிக்கோங்க."

பெட்டியை மூடப் போனவன் முன்னால் ஆர்டர் தாள் வந்து விழுந்தது. கடைசியாகப் போட்ட டூல், நாலு பெட்டி. கீழே கையெழுத்து!

"அக்கா... தோத்தவனுக்கா ஆர்டர்? அப்போ இதை இப்படி மினுக்கின டூல்?"

பட்டறைக்காரம்மா அந்தத் துண்டை வாங்கி, லேத்தின் கைச்சக்கரத்தில் பிடியில்லாமல் மொட்டையாக நின்ற இடத்தில் பொருத்திக்கொண்டே சிரித்தார்.

"டூல் இல்ல தம்பி, பதினாறு வருஷமா என் உள்ளங்கை!"