முப்பதுக்குக் கீழே

புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிற வேலப்பன் எழுதிய புகாரில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தன்னிடம் முதலீடு கேட்டு வந்த ஒரு பெண்ணின் திட்டத்தை, அதே தொழிலில் இருக்கும் ரத்தினசபாபதி தன் பணம் கிடக்கிற இன்னொரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதை ஊரறியப் போட்டு உடைக்க வேண்டும். ஆனால் சக முதலீட்டாளரைப் பற்றிய பதிவு வெளியே போக, எழுதுகிறவரின் மனசை அளக்கும் கைக்கடிகாரத்தில் பொறாமை நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலப்பனுக்கு எட்டு நாளாக எண்பத்தாறு.

தியானம் செய்தார். பூசணிச் சாறு குடித்தார். தேறாது என்று தான் திருப்பி அனுப்பிய கம்பெனியில் பணம் போட்டுத்தான் ரத்தினசபாபதி பெரிய ஆளானார் என்பது ஞாபகம் வந்ததும் தொண்ணூறாகிவிட்டது.

மனைவி சுகந்தி வந்தாள். "ஏனுங்க, ரத்தினசபாபதி அண்ணனை நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாமா."

"அடப் பாவமே!" என்றார். கடிகாரம் நாலுக்கு இறங்கியது. விரல் தானாகப் பதிவை அனுப்பும் பொத்தானை அமுக்க, புகார் போய்விட்டது.

"போயிருச்சுங்களா? அந்தப் பொண்ணுக்கு நியாயம் கிடைக்கட்டும்னுதான் பொய் சொன்னனுங்க. அண்ணன் நல்லாத்தான் இருக்கறாரு."

வேலப்பன் சட்டென்று சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடினார். அதற்குள் சுகந்தி பார்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்பது.