நாக்குக்கு அடியில் நாலு சொட்டு

நாக்கைத் தூக்கி அடியில் நாலு சொட்டு விட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "உவ்வே" என்று உடம்பைச் சிலிர்த்தான் எலக்ட்ரீஷியன். வாயோரம் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையைத் துண்டில் தேய்த்தான். அவன் மனைவி அப்போதுதான் துவைத்து மடித்து வைத்த துண்டு.

அவள் துண்டைப் பிடுங்கி அழுக்குக் கூடையில் எறிந்தாள். இந்த முகத்துக்காகவா வீட்டில் எல்லாரோடும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"நேத்து குட்டியை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர மறந்துட்டீங்க. இருட்டற வரைக்கும் கேட்ல நின்னு அழுதிருக்கு. வாட்ச்மேன் போன் பண்ணலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"மருந்தும்மா. ஞாபகத்துக்கு என்ன பண்ணுதுன்னு பாக்கத்தானே குடுக்கறாங்க? ஆராய்ச்சி முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்."

இதே பாட்டைத்தான் சில மாதங்களாகக் கேட்கிறாள். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் எண்ணெயாம், ஆனால் போதை ஏறாதாம், கன்னாபிடையால் என்று வாயில் நுழையாத ஒரு பெயராம். நோய் நொடி இல்லாதவர்களுக்குக் கொடுத்து, ஞாபகம் கூடுகிறதா குறைகிறதா என்று பல்கலைக்கழகத்தில் பார்க்கிறார்களாம். ஆள்தான் கல்லு மாதிரி இருக்கிறானே, இவனும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் அந்தச் சீசாதான் பொறுப்பு. கேஸை மூடவில்லையா? மருந்து. ஒப்புக்கொண்ட வேலைக்குப் போகாததால் ஆட்கள் வாசலில் வந்து கத்துகிறார்களா? அதுவும் மருந்து. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரர் கஞ்சா அடிக்கிறாராமே" என்று பல்லைக் காட்டினபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

போதாததற்குக் கண்ணாடி முன்னால் பாடம் ஒப்பிக்கிற கூத்து வேறு. "குடை, வாத்து, கதவு, எலுமிச்சை..." அதற்கு மேல் போகாது. மறுபடி குடை. ஆராய்ச்சியில் கேட்கிற வார்த்தைகளாம். சவரம்கூடப் பண்ணாமல், எண்ணெய் வழியும் வாயோடு வாத்து வாத்து என்று முணுமுணுக்கிற மனுஷனைப் பார்த்தால் யாருக்குத்தான் குமட்டாது?

அவன் குளிக்கப் போனதும் சீசாவைத் திறந்து முகர்ந்தாள். சந்தேகம் தட்டியது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். சாட்சாத் அவள் அடுப்படியில் இருக்கும் சமையல் எண்ணெய்!

"அட நாடகக்காரா!" அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. உவ்வே என்று சிலிர்த்துக்கொண்டதெல்லாம் நடிப்பு. பெற்ற பெண்ணைத் தெருவில் அழவிட்டுவிட்டு, தப்பித்துக்கொள்ள ஒரு சீசா. தூ!

குட்டியின் துணிமணிகளைப் பையில் திணித்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். "சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வாண்ணா. நானும் குட்டியும் வந்துடறோம். இந்த ஆளோட இனிமே ஒரு நாள்கூட முடியாது."

அதற்கு முன் அவன் வண்டவாளத்தை வெளியே இழுத்துப்போடாவிட்டால் ஆறாது. சீசாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனாள். விசாரித்து, ஆராய்ச்சி டாக்டரம்மாவின் மேசையில் அதை ணங்கென்று வைத்தாள்.

"இது நீங்க குடுத்ததா?"

டாக்டரம்மா சீசாவைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லையே. எங்க மருந்து இந்த ரூமைத் தாண்டி வெளியே போகாது. இங்கேயே எங்க கையாலதான் குடுப்போம்."

"அப்படிச் சொல்லுங்க! வாரா வாரம் இங்க வர்றேன்னு சொல்லிட்டு எங்க ஊர் சுத்தறாரோ, யார் கண்டா? பச்சைப் பொய்!"

"யாரைச் சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரரைத்தான். எலக்ட்ரீஷியன். உயரமா இருப்பார், புருவத்துல ஒரு தழும்பு."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவர் இங்கதாம்மா வர்றார். ஆனா நாங்க அவரை ஆராய்ச்சியில சேர்க்கவே இல்லை. ஒரு சொட்டு மருந்து குடுத்ததில்லை. வெளியே பெஞ்சில உக்காந்துக்கிட்டு, இன்னொரு தடவை டெஸ்ட் வைங்கன்னு கெஞ்சுவார்."

"ஏன் சேர்க்கலை? அவர் லட்சணம் உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்று உதட்டைச் சுழித்தாள் அவள்.

"சேர்க்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஞாபகத்தைச் சோதிச்சுப் பாப்போம். அவருக்கு அதுவே சரியா வரலை. மூளை டாக்டர்கிட்ட அனுப்பினோம். ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினாள். "மறதி நோய்ம்மா. இந்த வயசுல வரக்கூடாதது, வந்துடுச்சு. இனி கூடத்தான் கூடும்."

அவள் மேசையிலிருந்த சீசாவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல சொல்லுங்க, சொல்லுங்கன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்," என்றாள் டாக்டரம்மா. "'அவ திட்டினா தாங்கிக்குவேன் டாக்டர், அழுதா தாங்க மாட்டேன்'னுட்டார்."